போய் வருகிறேன் என்று போனவர்கள்

விடுமுறை நாள். பொழுது விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் ஓசைப்படாமல் எழுந்து, முகம் கழுவி, வெளியே கிளம்பத் தயாராகிறார். சிநேகிதர்கள் வாசலில் காரை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார்கள். நீங்கள் தூக்கக் கலக்கத்தோடு, "எதற்கும் அந்தக் கம்பளிக் கோட்டை எடுத்துக் கொள்ளுங்களேன்" என்கிறீர்கள். அவர் சிரிக்கிறார். "இந்தப் புழுக்கத்தில் கம்பளியா? மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடப் போகிறேன்!" என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்.

1940-ம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ந் தேதி, திங்கட்கிழமை. அன்று விடியற்காலையில் அமெரிக்காவின் மினஸோட்டா, விஸ்கான்ஸின் ராஜ்யங்களில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும். அப்படிக் கிளம்பிப் போனவர்களில் சிலர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. இராச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. மறுநாள் அவர்களைத் தேடிக்கொண்டு படகுகள் போயின.

அவர்கள் போனது வாத்து வேட்டைக்கு. அன்று அவர்களைப் பிடித்துக்கொண்ட பனிப்புயலை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. நமக்கும் அந்தக் கதையில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. அதனால்தான் சொல்ல வந்தேன்.

பொய் வாத்து

ஆற்றங்கரைக்கு உங்களை அழைத்துப் போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. 'தன்பாட்டில் பறந்துகொண்டிருந்த பறவைகளைச் சுடப் போனார்கள். அதற்குத் தக்க பலன் கிடைத்தது' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். 1930-களில் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய கடும் பணமுடை அப்போதுதான் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரை ஊர்களில் வேட்டை என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு மாத்திரம் அல்ல. சம்பளக்காரர்களும், தொழிலாளிகளும், பள்ளிக்கூடத்துப் பையன்களும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அவர்கள் கொண்டுவந்து போடுகிற நாலு வாத்து, வீட்டில் இரண்டு மூன்று நாளைக்குக் கறிச் செலவை மிச்சப்படுத்தும்.

வட கோடியில், கனடா நாட்டுச் சதுப்பு நிலங்களில் கோடைகாலத்தில் குஞ்சு பொரிக்கும் வாத்துகள், குளிர் நெருங்கியதும் கூட்டம் கூட்டமாகத் தெற்கே கிளம்பிவிடும். அவற்றுக்கு ராஜபாட்டை மிஸ்ஸிஸிப்பி ஆறுதான். மினஸோட்டாவில் வினோனா என்ற ஊரை ஒட்டி இந்த ஆறு ஒரே நீரோட்டமாக ஓடவில்லை. அகன்று விரிந்து, கிளைக் கால்வாய்களாகவும் குட்டைகளாகவும் நாணலும் புதரும் மண்டிய திட்டுகளாகவும் பிரிந்து கிடக்கிறது. 1930-களில் கப்பல் போக்குவரத்துக்காக ஆற்றின் குறுக்கே வரிசையாகப் பல அணைகளைக் கட்டினார்கள். தண்ணீர் தேங்கியது, குட்டைகள் இன்னும் விரிந்தன. வாத்துக்கும் கொண்டாட்டம், வேட்டைக்காரருக்கும் கொண்டாட்டம்.

வேட்டையாடும் விதம் இதுதான். இருட்டோடு இருட்டாகச் சின்னஞ்சிறு படகில் ஏறி ஒரு திட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நாணலுக்குள் மறைவாக ஓர் இடம் அமைத்துக்கொள்ள வேண்டும். மரத்தில் செதுக்கி வர்ணம் பூசிய பொய் வாத்துகளை எதிரே தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். மேலே பறந்து போகிற நிஜ வாத்து கீழே பார்க்கும். 'அடே, நம்மவர்கள் இருக்கிறார்களே! இடம் பத்திரமான இடம்தான்' என்று நம்பி இறங்கும்.

அன்றைக்கு வாத்து மட்டும் ஏமாறவில்லை. மனிதரும் ஏமாந்தார்கள். அவர்களை ஏமாற்றியது காலை வெயில்.

பொய் வெயில்

முதல் உலக யுத்தம் 1918-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி முடிவுக்கு வந்தது. அதன் நினைவாக அமெரிக்காவில் அந்தத் தேதியைச் சமாதான தினம் என்று கொண்டாடி விடுமுறை விட்டார்கள். (1954-ம் ஆண்டிலிருந்து அதற்கு முன்னாள் போர்வீரர் தினம் என்று பெயர்.) 1940-ல் அது திங்கட்கிழமையில் வந்தது. ஞாயிறும் திங்களும் சேர்ந்தாற்போல் விடுமுறை. கேட்க வேண்டுமா?

அந்தப் பிரதேசத்தில் நவம்பர் மாதம் என்றால் குளிர் தொடங்கிவிட வேண்டும். அன்று காலையில் பல இடங்களில் உஷ்ணநிலை பாரன்ஹீட் கணக்கில் 50 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இருந்தது. நமக்கு அது உதகமண்டலத்துக் குளிர். அவர்களுக்கோ வசந்த காலம் மாதிரி! குளிரும், கொஞ்சம் பனித் தூறலும் வரும் என்கிற தினுசில்தான் வானிலை அறிக்கையும் சொல்லியிருந்தது. அதனால் பலர் இலேசான மேல்சட்டையோடு கிளம்பினார்கள். கனத்த கோட்டும், கம்பளிக் குல்லாயும், கையுறையும் வீட்டு ஆணியிலேயே தொங்கின. அவர்கள் சோம்பேறிகளும் அல்ல, புதியவர்களும் அல்ல. ஆற்றோடு பிறந்து வளர்ந்தவர்கள். தெரிந்த இடம்தானே, பழகின வேலைதானே என்ற தைரியம்தான்.

நேரம் ஏற ஏற, வானத்தில் ஓர் அதிசயம் நடந்தது. வாத்துகள் வந்தன. பத்து இருபது அல்ல, ஆயிரக்கணக்கில். அலை அலையாக, தாழப் பறந்து, துப்பாக்கிச் சத்தத்தையும் லட்சியம் செய்யாமல் வந்தன. வயதான வேட்டைக்காரர்கள்கூடத் தங்கள் ஆயுளில் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை என்றார்கள். இந்த அதிர்ஷ்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப யாருக்கு மனம் வரும்? 'இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்' என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தப் பறவைகள் வேடிக்கை காட்ட வரவில்லை. பின்னால் துரத்திக்கொண்டு வந்த புயலுக்குப் பயந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தன. பறவைகளுக்குத் தெரிந்த சேதி, துப்பாக்கி பிடித்தவர்களுக்குத் தெரியவில்லை.

பகலில் வந்த இருட்டு

முதலில் மழை பிடித்தது. சட்டை நனைந்தது. பிறகு காற்று திசை மாறி வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கியது. மழை ஆலியாக மாறியது. ஆலி பனியாக மாறியது. மணிக்கு 50 மைல், சில இடங்களில் 80 மைல் வரை வேகம். எதிரே நீட்டின கை தெரியாதபடி ஒரே வெள்ளை.

ஆற்றில் அலைகள் எழுந்தன. ஓர் அலை போதும், அந்தச் சிறு படகுகளைக் கவிழ்க்க. கிளம்பினவர்களில் பலர் தண்ணீரில் விழுந்தார்கள். கிளம்பாதவர்கள் திட்டுகளில் மாட்டிக்கொண்டார்கள். கரை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எந்தப் பக்கத்தில் இருந்தது? அதுதான் தெரியவில்லை. கையில் இருக்கிற ஐந்து விரலைப் போல அறிந்த ஆற்றில் அவர்கள் வழி தவறிப் போனார்கள்.

நவம்பரில் அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். விடிவதற்குப் பதினாலு மணி நேரம் ஆகும். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் உஷ்ணநிலை பாரன்ஹீட்டில் சுமார் 50 டிகிரி கீழே இறங்கியது. தண்ணீர் உறைகிற நிலைக்கும் வெகுவாகக் கீழே போயிற்று. மினஸோட்டாவில் காலேஜ்வில் என்ற ஊரில் ஏறக்குறைய 27 அங்குலப் பனி பெய்தது. காற்று அடித்துக் குவித்த இடங்களில் பனிமேடு 20 அடி உயரம் நின்றது.

அந்த இரவில் திட்டுகளில் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? படகைக் குப்புறக் கவிழ்த்து, அதைச் சுவராக வைத்துப் பதுங்கினார்கள் சிலர். பொய் வாத்துகளைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள் சிலர். ஒருவரையொருவர் அடித்தும், உலுக்கியும், குதித்தும், தூங்காமல் இரவைக் கழித்தார்கள் சிலர். உட்கார்ந்தவர்கள் கண்ணயர்ந்தார்கள். கண்ணயர்ந்தவர்களில் பலர் எழுந்திருக்கவில்லை.

பதினேழு வயதுப் பையன் ஒருவன். தகப்பனார், தம்பி, சிநேகிதன் ஆகிய மூவரோடும் இரண்டு லாப்ரடார் நாய்களோடும் வேட்டைக்கு வந்திருந்தான். அவன் கண்ணெதிரேயே மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். இரண்டு நாய்களுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்த அந்தப் பையன் மாத்திரம் பிழைத்தான். வாயில்லா ஜீவன்களின் உடம்புச் சூடு ஒரு தாயாரின் மடியைப் போல அவனைக் காப்பாற்றியது. வீட்டில் இருந்த பெண்மணி நாலு பேருக்குச் சமைத்து வைத்துக் காத்திருப்பாள் அல்லவா? அவளை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது.

ஆகாயத்திலிருந்து ஒரு டப்பா

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையிலும் காற்று ஓயவில்லை. பல இடங்களில் படகை இறக்க முடியவில்லை. அப்போது வினோனா ஊரில் ஒருவர், 'நான் பறந்து பார்க்கிறேன்' என்று முன்வந்தார். அவர் பெயர் மாக்ஸ் கான்ராட். வயது 37. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவரிடம் இருந்தது பைப்பர் கப் என்கிற இலேசான சிறு விமானம். இரண்டு பேர் உட்காரலாம். நல்ல காற்று அடித்தால் காகிதப் பட்டம் மாதிரி ஆடும்.

அந்தக் காற்றில் அவர் அதை எடுத்துக்கொண்டு மேலே போனார். ஆற்றின் மேல் தாழப் பறந்து, ஒவ்வொரு திட்டாகத் தேடினார். உயிரோடு இருப்பவர்கள் கண்ணில் பட்டால் ஒரு தகர டப்பாவைக் கீழே போட்டார். அதற்குள் ரொட்டி, தீப்பெட்டி, சிகரெட்டு, கொஞ்சம் விஸ்கி. பிறகு அந்த இடத்துக்கு நேர் மேலே வட்டமிட்டு, மீட்புப் படகுகளுக்கு அடையாளம் காட்டினார். திரும்பத் திரும்பப் போய் வந்தார். அவரால் பிழைத்தவர்கள் பலர்.

இந்த மனிதர் பின்னால் உலகப் புகழ் பெற்றார். 1959-ம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் காஸாபிளாங்கா நகரிலிருந்து அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை, 7,600 மைலுக்கு மேல், ஒரு சிறு விமானத்தில் தன்னந்தனியாக, எங்கும் இறங்காமல் பறந்து சாதனை புரிந்தார். பத்துக் குழந்தைகளுக்குத் தகப்பனார். ஆனால் வினோனா ஊர்க்காரர்களைக் கேட்டால், ஆற்றின் மேல் அவர் பறந்த அந்த ஒரு நாளைத்தான் முதலில் சொல்வார்கள்.

அந்தப் புயலில் மொத்தம் சுமார் 150 பேர் இறந்தார்கள். மிச்சிகன் ஏரியில் மூன்று பெரிய சரக்குக் கப்பல்கள் நாசமாயின. அந்த ஏரியில் மாத்திரம் 66 மாலுமிகள் மாண்டார்கள். மினஸோட்டாவில் இறந்தவர்கள் 49 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள்.

ஜனங்களுக்குக் கோபம் வந்தது. நியாயந்தானே? அந்தப் பிரதேசம் முழுவதற்கும் வானிலை அறிக்கை அப்போது தூரத்திலிருந்த சிகாகோ நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே இரவெல்லாம் ஆள் விழித்திருந்து கவனிக்கும் ஏற்பாடு இல்லை. இந்தத் துயரத்துக்குப் பிறகு இரவும் பகலும் கவனிக்க ஆள் போட்டார்கள். மினஸோட்டாவிலேயே அறிக்கை தயாரிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். 1960-ம் ஆண்டில் முதல் வானிலைத் துணைக்கோள் மேலே போயிற்று. இன்று அப்படி ஒரு புயல் வந்தால் பல நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். கேட்கிற காது மட்டும் நமக்கு வேண்டும்.

நெற்றியில் போடும் ஈரத்துணி

'குளிர் தாங்காமல் இறந்தார்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உடம்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் நெற்றியில் ஈரத்துணி போடுகிறீர்களே, எதற்காக? உடம்புச் சூட்டைத் துணி இழுத்துக்கொள்ளட்டும் என்றுதானே? அந்த ஈரத்துணியைத் தலை முதல் கால் வரை ஒரு மனிதனுக்குச் சுற்றிவிட்டு, மேலே மணிக்கு 50 மைல் வேகத்தில் விசிறினால் எப்படி இருக்கும்? அன்று நடந்தது அதுதான். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்திக்கொண்டு போகிறது.

நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல ஒரு துணி உண்டா? ஆனால் குளிர் தேசத்தில் நனைந்த பருத்தி எமன். தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி அப்படி அல்ல. நனைந்தாலும் இழைகளுக்குள் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஓரளவு சூடு காக்கும். வீட்டு ஆணியில் தொங்கிய கோட்டின் அருமை இப்போது தெரிகிறது அல்லவா?

நமது உடம்பின் இயல்பான சூடு 37 டிகிரி சென்டிகிரேட். உள்ளுடம்பின் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை டாக்டர்கள் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். முதலில் வெடவெடவென்று நடுக்கம். அது நல்லது, உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்கிறது. அடுத்து விரல்கள் சொன்னபடி கேட்காது. பித்தானைப் போட முடியாது. தீக்குச்சியைக் கிழிக்க முடியாது. பேச்சுக் குழறும். புத்தி தடுமாறும். 'கொஞ்சம் உட்கார்ந்தால் தேவலை' என்று தோன்றும். அதற்குப் பிறகு நடுக்கம் நின்றுவிடும். 'அப்பாடா, குளிர் விட்டுவிட்டது' என்று நினைத்தால் ஆபத்து! அது உடம்பு தோற்றுப்போய்விட்டதற்கு அடையாளம். கடைசிக் கட்டத்தில் சிலர், புழுங்குவதாக எண்ணிக்கொண்டு, இருக்கிற சட்டையையும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

ஆகவே, நெருப்பு மூட்டுவதோ, ஒதுங்க இடம் பார்ப்பதோ, விரல் வேலை செய்கிறபோதே செய்துகொள்ள வேண்டும். 'இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்' என்றால் பிறகு கையும் இராது, புத்தியும் இராது.

இன்னொன்று. கான்ராட் போட்ட டப்பாக்களில் விஸ்கி இருந்தது என்றேன். அந்தக் காலத்து நம்பிக்கை அது. மது குடித்தால் தோலுக்கு இரத்தம் அதிகமாகப் பாய்ந்து, சூடு ஏறியது போலத் தோன்றும். உண்மையில் உள்ளுடம்பின் சூடு வெளியே போய்விடும். இன்று எந்த டாக்டரும் அதைக் கொடுக்கச் சொல்வதில்லை. ஈரத் துணியை மெல்லக் கழற்றி, உலர்ந்த கம்பளியால் மார்பையும் வயிற்றையும் முதலில் போர்த்தி, நல்ல நினைவு இருந்தால் சூடாகச் சர்க்கரை போட்ட பானம் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கை கால்களைத் தேய்க்கவே கூடாது.

சுற்றிச் சுற்றி வந்தே...

வழி தவறினவர்கள் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்கள் என்று பாட்டிமார் கதையில் வரும். அது கதை அல்ல, நிஜம். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தார் அதைச் சோதித்து 2009-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். சிலரைக் காட்டிலும், சிலரைச் சஹாரா பாலைவனத்திலும் நடக்கவிட்டு, 'நேராகவே போங்கள்' என்றார்கள். சூரியனோ சந்திரனோ தெரிந்த வரையில் நேராகப் போனார்கள். மேகம் மூடியதும், நேராகப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டே வட்டமடித்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டபோது, வட்டம் சில சமயம் 20 மீட்டருக்குள்ளேயே அடங்கிவிட்டது! பனிப்புயல் என்பது கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதானே?

அதனால்தான் குளிர் தேசங்களில் குழந்தைகளுக்குக்கூட முதல் பாடமாக ஒன்று சொல்லித் தருகிறார்கள். வழி தவறிவிட்டது என்று தெரிந்தால், அலையாதே. காற்று படாத இடமாகப் பார்த்து ஒதுங்கி அங்கேயே இரு. தேடுகிறவர்கள் வருவார்கள்.

வருவார்கள், சரி. எங்கே வருவார்கள்? நீங்கள் இருக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால்தானே!

அன்று ஆற்றில் நடந்த துயரத்தின் நடுவே இதுவும் ஒன்று. கணவர் எந்தத் திட்டுக்குப் போனார், எத்தனை மணிக்குத் திரும்புவதாக இருந்தார் என்று தெரிந்த வீட்டில், 'அவரை இன்னும் காணோமே' என்று பதறி ஓட ஒரு நேரம் இருக்கும். கையைக் காட்ட ஒரு திசை இருக்கும். தெரியாத வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைத் தவிர என்ன செய்ய முடியும்?

முதல் நாள் இரவே கேளுங்கள்

'இதெல்லாம் எங்களுக்கு எதற்கு? இங்கே பனியும் இல்லை, எங்கள் வீட்டில் துப்பாக்கியும் இல்லை' என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்கள் மகனோ, மகளோ, மருமகனோ இன்று அதே குளிர் தேசங்களில் குடித்தனம் நடத்துகிறார்களே! மினஸோட்டாவிலேயே நம்மவர்கள் இருக்கிறார்கள். விடுமுறை வந்தால் காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கும் மலைக்கும் கிளம்பிவிடுகிறார்கள். 'கையில் டெலிபோன் இருக்கிறது அம்மா' என்பார்கள். கடுங்குளிரில் டெலிபோனின் பாட்டரி சீக்கிரம் அடங்கிவிடும் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். உலர்ந்த காலுறை ஒரு ஜோடி, கம்பளிக் குல்லாய், தண்ணீர் புகாத டப்பாவில் தீப்பெட்டி, ஒரு விசில், கொஞ்சம் கடலை மிட்டாய், எல்லாம் ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடும். ஒன்றும் பாரம் இல்லை. காலையில் வெயில் அடித்தாலும் பை கூடப் போகட்டும். வெயில் அடிக்கிற காலையில்தான் அது முக்கியமாகப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே?' என்று கேட்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் கற்றுக்கொடுத்த சம்பிரதாயம். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடுமாம். கிளம்புகிறவரும் 'போகிறேன்' என்று சொல்லக் கூடாது. 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது வழக்கத்தை நான் வணங்குகிறேன். 'வருகிறேன்' என்பது வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்த வாக்கு அல்லவா?

ஆனால் முதல் வழக்கத்தில் கொஞ்சம் சலுகை கேட்கிறேன். எங்கே போகிறீர்கள், யாரோடு போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அந்த நேரத்துக்கு வரவில்லை என்றால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்? இந்த நாலு கேள்விக்கும் பதில் வாங்கி ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'தொணதொணக்கிறாள்' என்று அலுத்துக்கொண்டால் அலுத்துக்கொள்ளட்டும். கோட்டை ஆணியிலிருந்து நீங்களே எடுத்துக் கையில் கொடுங்கள்.

சகுனத்துக்கு மனம் தயங்குகிறதா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. கிளம்புகிற நேரத்தில் கேட்காதீர்கள். முதல் நாள் இராத்திரி, சாதம் பரிமாறுகிறபோதே கேட்டுவிடுங்கள்.